ஷ்ரோடிங்கரின் பூனை: ஒரு கூட்டல் குறியின் கதை

கேள்வி இதுதான்: ஷ்ரோடிங்கரின் பூனை பெட்டிக்குள் ஒரே நேரத்தில் உயிரோடும் இருக்கிறது, செத்தும் கிடக்கிறது என்கிறார்கள். திறந்து பார்க்கிற வரைக்கும் அப்படித்தானாம். நான் எட்டிப் பார்த்தால் பூனை எப்படிச் சாகும்? பார்க்காமல் விட்டால் எப்படி இரண்டுமாக இருக்கும்? கணக்கு தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கதை உங்களுக்கு அபத்தமாகப் பட்டால் நீங்கள் அதைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அபத்தமாகப் பட வேண்டும் என்பதற்காகவே எர்வின் ஷ்ரோடிங்கர் இந்தப் பூனையைக் கற்பனை செய்தார். பூனை இரண்டு நிலையிலும் இருக்கிறது என்று அவர் நம்பவும் இல்லை, யாரையும் நம்பச் சொல்லவும் இல்லை. அணு உலகை விவரிக்க நாம் எல்லோரும் பயன்படுத்துகிற சமன்பாட்டை அப்படியே நம்பிப் போனால் அது நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறதே, இதற்கு என்ன பதில் என்று சக இயற்பியலாளர்களிடம் அவர் கேட்ட கேள்வி அது. கேட்டு 90 வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியில் பாதிக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது, மீதிப் பாதி இன்னும் அப்படியே நிற்கிறது. பிரபலமாகச் சொல்லப்படும் கதையில் இந்த இரண்டு பாதியும் ஒன்றாகக் குழம்பிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

இது 1935இல் நடந்தது. அந்த வருடம் மே மாதம் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் சேர்ந்து, அணு உலகத்தை விளக்கும் குவாண்டம் கோட்பாடு உலகைப் பற்றிய முழு விவரத்தைத் தரவில்லை என்று வாதிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெர்லின் பேராசிரியர் பதவியை விட்டு வெளியேறிய ஷ்ரோடிங்கர் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். கட்டுரையைப் படித்ததும் ஐன்ஸ்டீனுக்கு எழுதினார். இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. ஆகஸ்ட் 8ஆம் தேதி எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டீன் ஒரு வெடிமருந்துக் குவியலைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அது ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தானாகவே பற்றிக்கொள்ளலாம். வருட முடிவில் சமன்பாட்டைக் கேட்டால், வெடித்த மருந்தும் வெடிக்காத மருந்தும் கலந்த ஏதோ ஒன்றைக் காட்டும். ஆனால் நிஜத்தில் வெடித்ததற்கும் வெடிக்காததற்கும் நடுவே ஒரு நிலை கிடையாது. பதினொரு நாள் கழித்து ஷ்ரோடிங்கர் எழுதிய பதிலில்தான் பூனை முதன்முதலாக வருகிறது. அந்த வருடக் கடைசியில் ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் மூன்று பகுதிகளாக வந்த அவருடைய நீண்ட கட்டுரையிலும் அது இடம்பெற்றது, அதுவும் ஒரே ஒரு பத்தியில்! மீதிக் கட்டுரையை இன்று படிப்பவர்கள் மிகவும் குறைவு. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அவர் கேள்வி கேட்பது 1926இல் தான் எழுதிய, தனக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த சமன்பாட்டைப் பற்றி. தன் சொந்தச் சமன்பாட்டை இப்படி மூலையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் நேர்மை எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரியும்.

சரி, பெட்டிக்கு வருவோம். அது எஃகால் ஆனது, மூடியிருக்கிறது. உள்ளே ஒரு பூனை. பூனையின் கால் எட்டாதபடி பாதுகாப்பாக ஒரு கைகர் கவுண்டர் (கதிரியக்கத்தை உணரும் கருவி), அதற்குள் துளியூண்டு கதிரியக்கப் பொருள். எவ்வளவு துளி என்றால், ஒரு மணி நேரத்தில் அதிலுள்ள அணுக்களில் ஏதாவது ஒன்று சிதையலாம், அதே அளவு வாய்ப்போடு ஒன்றுகூடச் சிதையாமலும் போகலாம். சிதைந்தால் கவுண்டர் அதை உணரும், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விழும், அது சுத்தியலை விடுவிக்கும், சுத்தியல் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும் சிறு குடுவையை உடைக்கும், பூனை சாகும். சிதையாவிட்டால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. யாரும் இதை நிஜப் பூனையை வைத்துச் செய்ததில்லை. இது முழுக்க மனதுக்குள் நடக்கும் பரிசோதனை.

ஏன் கதிரியக்கம்? சுத்தியலை ஒரு அலாரத்தோடு இணைத்திருக்கலாமே? காரணம் இருக்கிறது. ஓர் அணுக்கரு எப்போது சிதையும் என்பதை நிர்ணயிக்கும் கடிகாரம் எதுவும் அதற்குள் இல்லை. வயதான அணு சீக்கிரம் சிதையும், இளம் அணு தாமதமாகச் சிதையும் என்பதெல்லாம் கிடையாது. ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அந்த அணுவை விவரிக்கும் விதம் இப்படி: ஆரம்பத்தில் 'சிதையாத' என்ற பங்கு மட்டும் இருக்கும்; நேரம் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 'சிதைந்த' என்ற பங்கு வளரும். பெட்டியில் உள்ள பொருள் முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேர முடிவில் இரண்டும் சரிபாதி. எந்த நொடியிலும் ஒன்று திடீரென மற்றொன்றாகத் தாவுவது அந்தச் சமன்பாட்டில் இல்லை. அது எழுதுவது இப்படித்தான்:

சிதையாதது + சிதைந்தது

நடுவில் இருக்கும் அந்தக் கூட்டல் குறிதான் விஷயமே. அங்கே 'அல்லது' என்று இருந்திருந்தால் பூனையும் இல்லை, இந்தப் பதிலும் இல்லை. கூட்டலுக்கும் 'அல்லது'வுக்கும் என்ன வித்தியாசம் என்பது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். அதனால் இங்கே மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நாணயத்தைச் சுண்டி, உள்ளங்கையால் மூடுகிறேன். தலையா பூவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கைக்கு அடியில் அது ஏற்கெனவே ஏதோ ஒன்றாகத்தான் இருக்கிறது. இது 'அல்லது'. தெரியாதது என் குறை, நாணயத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. பூனைக் கதையைக் கேட்கும் பெரும்பாலானவர்கள் இதையேதான் நினைத்துக்கொள்கிறார்கள்: பூனை ஏதோ ஒன்றாக இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே, இதில் என்ன பெரிய மர்மம்? நியாயமான சந்தேகம்தான். அணு விஷயத்தில் அது ஏன் தவறு என்று காட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. அதற்குப் பூனையும் வேண்டாம், விஷமும் வேண்டாம், போலரைசர் என்ற பிலிம் துண்டுகள் போதும்.

ஒளிக்கு ஆடும் திசை என்று ஒன்று உண்டு. போலரைசர் பிலிமுக்கும் ஒரு திசை உண்டு. பிலிமின் திசையோடு ஒத்துப்போகும் ஒளியை அது விட்டுவிடும், அதற்குச் செங்குத்தான திசையில் ஆடுவதைத் தடுத்துவிடும். ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒளியின் ஒவ்வொரு மிகச் சிறிய துணுக்காக, அனுப்பும் வசதி இன்று ஆய்வகங்களில் இருக்கிறது, அதனால் ஃபோட்டான் கணக்கிலேயே பேசுவோம். பிலிமை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து அதன் வழியாக வந்த ஃபோட்டான்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் 'சாய்வு' ஃபோட்டான்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இவற்றைச் செங்குத்தாகப் பிடித்த பிலிமுக்கு அனுப்பினால் சரியாகப் பாதி கடந்துபோகும், பாதி நின்றுவிடும். எது போகும் எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

நாணயக் கட்சிக்காரர் உடனே சொல்வார்: "இதில் என்ன அதிசயம், சாய்வு என்று நீங்கள் பெயர் வைத்த கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே செங்குத்து, பாதிப் பேர் கிடைமட்டம். உங்களுக்குத்தான் தெரியவில்லை." சரி, சோதித்துப் பார்த்துவிடலாம். 100 சாய்வு ஃபோட்டான்களை மறுபடியும் அதே சாய்வில் பிடித்த இன்னொரு பிலிமுக்கு அனுப்புவோம். அவர் சொல்வது சரியென்றால் என்ன ஆக வேண்டும்? 50 செங்குத்து ஃபோட்டான்கள் சாய்வு பிலிமை அடைகின்றன, அதில் பாதி, அதாவது 25 கடக்கும். 50 கிடைமட்ட ஃபோட்டான்களிலும் 25 கடக்கும். மொத்தம் 50. பிலிம் குறையில்லாததாக இருந்தால் நிஜத்தில் எத்தனை கடக்கின்றன தெரியுமா? நூற்றுக்கு நூறு. ஒன்றுகூட நிற்பதில்லை. எதிர்ப்புறம் 45 டிகிரி சாய்த்த பிலிமுக்கு அனுப்பினாலோ நூறும் நின்றுவிடும், ஒன்றுகூடக் கடக்காது. நாணயக் கட்சியின் கணக்கு அங்கேயும் 50 என்றுதான் சொல்லும்.

ஆக, ஒவ்வொரு சாய்வு ஃபோட்டானும் 'செங்குத்து அல்லது கிடைமட்டம்' இல்லை. அது 'செங்குத்து + கிடைமட்டம்'. சாய்வு பிலிமை அடையும்போது அதன் இரண்டு பங்குகளும் ஒன்றை ஒன்று வலுப்படுத்துகின்றன, எதிர்ச்சாய்வு பிலிமை அடையும்போது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு அலைகள் மோதும் இடத்தில் மேடும் மேடும் சேர்ந்தால் உயர்வதும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமமாகிவிடுவதும் போலத்தான் இது. இதைக் குறுக்கீடு என்பார்கள். கூட்டல் குறிக்கு அதுதான் சாட்சி. குறுக்கீடு தெரிந்தால் அங்கே கூட்டல் இருக்கிறது, தெரியாவிட்டால் 'அல்லது' என்று எடுத்துக்கொண்டாலும் எந்தக் கணக்கும் தப்பாது.

மூன்று பிலிம் துண்டுகள் கிடைத்தால் இதற்கு நெருங்கிய ஒன்றை நீங்களே பார்க்கலாம். ஒன்றைச் செங்குத்தாகவும் இன்னொன்றைக் கிடைமட்டமாகவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால் இருட்டு, எதுவும் கடந்து வராது. இப்போது மூன்றாவது துண்டை அந்த இரண்டுக்கும் நடுவே சாய்வாகச் செருகுங்கள். வெளிச்சம் வரும்! முதல் பிலிமைக் கடந்ததில் கால் பங்கு மறுபக்கம் வந்துவிடும். தடுப்பைக் கூட்டினால் வெளிச்சம் கூடுகிறது. புத்தகத்தில் பலமுறை படித்திருந்தும், மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதை முதன்முதலாகப் பார்த்த நாளில் நான் ரொம்ப நேரம் நடுத்துண்டைச் செருகுவதும் உருவுவதுமாகவே இருந்தேன். (சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும்போது இதைப் பழைய அலைக் கோட்பாட்டை வைத்தே விளக்கிவிடலாம், அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு ஃபோட்டானாக அனுப்பும்போதும் இதே விகிதம் வருவதுதான் குவாண்டம் சங்கதி.)

அணு சிதைவதும் இந்த வகைதான். பெட்டியில் இருக்கும் அணு 'சிதையாதது + சிதைந்தது'. இதுவரை ஷ்ரோடிங்கருக்கும் புகார் எதுவும் இல்லை. அணு உலகம் அப்படித்தான் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். அவர் செய்தது, அந்தக் கூட்டல் குறியை அணுவோடு நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டே போனது. கைகர் கவுண்டரும் அணுக்களால் ஆனதுதானே, அதற்கும் இதே சமன்பாடுதானே? அப்படியானால் அதன் நிலை 'அமைதியாக இருக்கிறது + ஒலித்துவிட்டது'. ரிலேவும் அப்படியே, சுத்தியலும், குடுவையும், கடைசியில் பூனையும். சமன்பாடு எழுதித் தருவது இதுதான்:

(சிதையாத அணு, அமைதியான கவுண்டர், முழுக் குடுவை, உயிருள்ள பூனை) + (சிதைந்த அணு, ஒலித்த கவுண்டர், உடைந்த குடுவை, செத்த பூனை)

கூட்டல் குறி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அது பூனைக்குள் இல்லை. இரண்டு முழுக் கதைகளுக்கு நடுவே இருக்கிறது. அணுவின் கதியும் பூனையின் கதியும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்ட மாதிரி ஆகிவிட்டன. இந்த முடிச்சுக்குப் பின்னிப்பிணைதல் என்ற பொருளில் ஒரு பெயரை ஷ்ரோடிங்கர் வைத்ததும் இதே 1935இல்தான். 'அரைகுறையாகச் செத்த பூனை', 'ஆவி மாதிரி மங்கலான பூனை' என்றெல்லாம் படம் போடுகிறார்களே, சமன்பாட்டில் அப்படிப்பட்ட பூனை எங்கேயும் இல்லை. ஒவ்வொரு கதைக்குள்ளும் பூனை தெளிவாகத்தான் இருக்கிறது. ஷ்ரோடிங்கரே அந்தப் பத்தியை முடிக்கும்போது இந்த வித்தியாசத்தை ஒரு புகைப்படத்தை வைத்துச் சொல்கிறார்: கேமரா ஆடியதால் மங்கலான படம் வேறு, மேகத்தையும் பனிமூட்டத்தையும் எடுத்த படம் வேறு. இரண்டும் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் ஒன்றில் மங்கல் படத்தில் இருக்கிறது, இன்னொன்றில் பொருளிலேயே இருக்கிறது. அணு மேகமாக இருந்துவிட்டுப் போகட்டும், பூனையும் மேகமா என்பதுதான் அவர் கேள்வி.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதி: நான் பார்த்தால் பூனை எப்படிச் சாகும்? சாகாது. மனிதர் பார்ப்பதால்தான் முடிவு ஏற்படுகிறது என்ற கருத்தை 1961இல் இயற்பியலாளர் யூஜின் விக்னர் தீவிரமாக முன்வைத்தார் என்பது உண்மை, பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார் என்பதும் உண்மை. குவாண்டம் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்ஸ் போர் ஒருபோதும் மனித மனத்தை இதில் இழுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை கவுண்டர் என்ற பெரிய கருவி பதிவு செய்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், குடுவை 10ஆவது நிமிடத்தில் உடைந்திருந்தால் நீங்கள் 60ஆவது நிமிடத்தில் திறக்கும்போது பூனையின் உடல் 50 நிமிட அளவுக்குச் சூடு ஆறியிருக்கும். உங்கள் பார்வைதான் அதைக் கொன்றது என்றால், அந்தப் பார்வை ஆறிப்போன உடலையும் சேர்த்து, நடந்துமுடிந்த 50 நிமிடங்களையும் பின்னோக்கி உண்டாக்கியிருக்க வேண்டும். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. 'நம் மனம்தான் நிஜத்தைப் படைக்கிறது, குவாண்டம் இயற்பியல் அதை நிரூபித்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குவாண்டம் இயற்பியலில் 'பார்ப்பது' என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. எது நடந்தது என்ற தகவல் வெளியே எங்காவது பதிந்துவிட்டால் போதும், யாரும் அதைப் படிக்கவே வேண்டாம். இதற்கு என் மனதுக்குப் பிடித்த சான்று 2004இல் வியன்னாவில் நடந்த ஒரு பரிசோதனை. 70 கார்பன் அணுக்கள் சேர்ந்து பந்து போல ஆன மூலக்கூறுகளை வெற்றிடத்தில் நுண்ணிய கம்பித்தடுப்புகள் வழியாக அனுப்பினார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் பல பாதைகளின் கூட்டலாகப் பயணித்து, மறுபக்கம் மூலக்கூறுகள் அதிகமும் குறைவுமாக மாறி மாறி விழும் குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கியது. அப்புறம் அந்த மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினார்கள். சூடான பொருள் ஒளிரும் அல்லவா, அதே போல மூலக்கூறும் போகிற வழியில் ஃபோட்டான்களை உமிழ ஆரம்பித்தது. ஒவ்வொரு ஃபோட்டானும் 'நான் இந்த இடத்திலிருந்து கிளம்பினேன்' என்ற தகவலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. சூடு ஏற ஏற வரிகள் மங்கி, கடைசியில் காணாமலே போயின. அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, அவை சுவரில் பட்டு மறைந்தன. ஆனாலும் வரிகள் போய்விட்டன.

இதைப் பூனைக்குப் பொருத்துங்கள். சாதாரணக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. நிற்கும் பூனையின் மேல் மோதியவை ஒரு பக்கம் சிதறும், விழுந்து கிடக்கும் பூனை என்றால் அவை வேறு பக்கம் போகும். பூனையின் உடல் வெப்பம் கதிராக வெளியேறி எஃகுச் சுவரைத் தொடுகிறது. எது நடந்தது என்ற செய்தி கணக்கற்ற இடங்களில் பதிந்துகொண்டே போகிறது, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதற்குள். இதை டிகோஹியரன்ஸ் என்கிறார்கள். 1970இல் டீட்டர் ட்சே இதைப் பற்றி எழுத ஆரம்பித்தார், 1980களில் வோய்செக் ஸூரெக் முதலானோர் விரித்தெடுத்தார்கள். சாய்வு பிலிமை வைத்துக் கூட்டலைக் கண்டுபிடித்தோம் இல்லையா, பூனைக்கு அப்படியொரு 'சாய்வு பிலிம்' செய்ய வேண்டும் என்றால் பூனையின் ஒவ்வோர் அணுவையும், தெறித்துப்போன ஒவ்வொரு காற்று மூலக்கூறையும், சுவர் விழுங்கிய ஒவ்வொரு ஃபோட்டானையும் பிசகாமல் கட்டுப்படுத்த வேண்டும். அது நடக்காத காரியம். பூனையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சோதனை செய்தாலும் 'அல்லது' கொடுக்கும் விடைதான் வரும். உயிருள்ள பூனையும் செத்த பூனையும் குறுக்கிட்டுக்கொள்வதை நாம் ஏன் பார்த்ததே இல்லை என்பதற்கு இது முழுமையான பதில். பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன பாதி இதுதான்.

மீதிப் பாதி? கூட்டல் குறியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும், கூட்டல் குறி இல்லை என்பதும் ஒன்றா? டிகோஹியரன்ஸ் அந்தக் குறியை அழிக்கவில்லை, பெட்டி முழுக்க, பிறகு உலகம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. சமன்பாட்டில் இரண்டு கதைகளும் இன்னும் இருக்கின்றன. ஆனால் திறந்தால் நான் காண்பது ஒரே ஒரு கதை. மற்றது எங்கே போனது, ஏன் இது, ஏன் அது இல்லை? இதற்கு டிகோஹியரன்ஸ் பதில் சொல்வதில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தாண்டாமல் நின்றவர்கள் வெவ்வேறு வழி பிடித்தார்கள். 1957இல் ஹ்யூ எவரெட் சொன்ன வழியில் இரண்டு கதைகளும் நிஜம். பெட்டியைத் திறக்கும் நீங்களும் கூட்டல் குறியின் இரு பக்கமும் இருக்கிறீர்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் மற்றது தெரியாது. டேவிட் போம் 1952இல் சொன்னதில் துகள்களுக்கு எப்போதுமே ஓர் இடம் உண்டு, சமன்பாடு விவரிக்கும் அலை அவற்றுக்கு வழிகாட்டுகிறது, அதனால் பூனை எப்போதும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கிறது. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் சமன்பாட்டையே கொஞ்சம் மாற்றினார்கள்: ஒற்றைத் துகளின் அலை மிக மிக அரிதாகத் தானாகவே ஓரிடத்தில் சுருங்கும், ஆனால் பூனை அளவுக்குத் துகள்கள் சேர்ந்தால் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்துவிடும். ரோஜர் பென்ரோஸ் அந்த வேலையை ஈர்ப்பு விசை செய்கிறது என்கிறார். கோட்பாடு என்பது நம் எதிர்பார்ப்புகளைக் கணக்கிடும் கருவி, அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது என்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் பெரிய விலை கேட்கிறது. எது சரி என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்று வரை ஒருமித்த முடிவு இல்லை.

ஆனால் இது வெறும் விவாதமாக நின்றுவிடவில்லை. ஆய்வகங்களில் பூனையை உண்டாக்கத் தொடங்கிவிட்டார்கள், அதாவது கொஞ்சம் பெரிய பொருளைக் கூட்டல் நிலையில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1996இல் டேவிட் வைன்லேண்டின் குழு ஒற்றை பெரிலியம் அயனியை (மின்னூட்டம் பெற்ற அணுவை) ஒரே நேரத்தில் சுமார் 80 நானோமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு இடங்களின் கூட்டலாக நிறுத்திக் காட்டியது. ஓர் அணுவுக்கு அது பெரிய தூரம். அதே வருடம் பாரிஸில் செர்ஜ் ஹரோஷின் குழு, கண்ணாடிகளுக்கு இடையே அடைத்த சில மைக்ரோவேவ் ஃபோட்டான்களை அப்படி வைத்து, கூட்டல் 'அல்லது'வாகக் கரைவதைப் படிப்படியாக அளந்தது. இரண்டு நிலைகளும் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றனவோ அவ்வளவு வேகமாகக் கரைந்தது. இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. 2000இல் இரண்டு குழுக்கள், மின்தடையே இல்லாத ஒரு மீக்கடத்தி வளையத்தில் மின்னோட்டம் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் போகும் நிலைகளைக் கூட்டிக் காட்டின. கையில் பிடிக்கும் அளவிலான மின்சுற்றே ஒற்றை அணு மாதிரி நடந்துகொள்ளும் என்று 1980களில் காட்டிய கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவருக்கும் 2025ஆம் வருட இயற்பியல் நோபல். 2019இல் வியன்னாவில் 2000 அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகள் குறுக்கீட்டு வரி போட்டன.

2023இல் சூரிச்சில் செய்தது இன்னும் நெருக்கமானது. 16 மைக்ரோகிராம் எடையுள்ள ஒரு நீலமணிப் படிகம், பொடி மணல் துகள் அளவு. அதன் அணுக்கள் ஒன்றாக இந்தப் பக்கம் அதிர்வதும், எதிர்ப்பக்கம் அதிர்வதும் ஆகிய இரண்டையும் கூட்டினார்கள். எடையில் இது பிரமாண்டம்தான், ஆனால் அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவிலான இடைவெளி ஓர் அணுக்கருவின் அகலத்தைவிடக் குறைவு. நிற்கிற பூனைக்கும் விழுந்த பூனைக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அடுத்த வேலை எடையையும் இடைவெளியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டே போவது. காற்றையும் வெப்பத்தையும் முடிந்தவரை விலக்கிய பிறகும், ஏதோ ஓர் அளவுக்கு மேல் கூட்டல் குறி தானாகவே உடைவது தெரியவந்தால் பென்ரோஸ் மாதிரியானவர்கள் சொன்னது சரி, 1926இன் சமன்பாட்டைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாமல் நிற்கிறது என்றால், எவரெட் சொன்ன அந்த இரண்டாவது கதையை மறுப்பது இன்னும் கடினமாகும். இதுவரை போன எல்லை வரைக்கும் அது உடையவில்லை.